மலை ஏறுவதற்கு ஒரு டர்போ

என் மனைவியை மலைநாட்டுக்கு மாற்றியதிலிருந்து எனக்கு மலைகளைக் கண்ணில் காட்டக்கூடாது. அதற்கு முன்பு பிடித்திருந்ததா என்று கேட்டால், நான் அதைப்பற்றி நினைத்ததே இல்லை. திருகோணமலைக்காரனுக்கு மலை என்றால் கோயில் இருக்கும் மலைதான். அதில் நடந்தே ஏறிவிடலாம். அவள் தாதி. பாலையூற்றில் ஒரே வீட்டில் பல வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு, பதவி உயர்வோடு வந்த இடமாற்றத்தில், நுவரெலியாவுக்குப் போகும் வழியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சின்ன ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனாள். கொஞ்சக் காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் வருஷ முடிவில் திரும்பி வர விண்ணப்பிக்கலாம் என்றார்கள். நாங்களும் பல்லைக் கடித்தோம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் போன பிறகு வீட்டில் சத்தம் போட நானும் பிரிட்ஜும்தான் மிச்சம். கிரீஸ் கையைத் துவாயில் துடைத்தால் கத்த ஆளில்லை. ஒருநாள் வேண்டுமென்றே வெள்ளைத் துவாயில் துடைத்துப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். கண்டியில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு முண்டியடித்து, ஒருவழியாய்ப் போய்ச் சேரும்போது அவளுக்கு வேலைக்குப் போகும் நேரமாகிவிடும். அவள் சீருடையோடு வாசலில் நின்று, "சாப்பாடு மூடி வைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடுவாள். ஆகவே என் காரை நம்பினேன். டீசல் கார். ஜப்பானில் அதைச் செய்தவர்களே அதை மறந்திருப்பார்கள், அவ்வளவு வயது. கந்தளாய், ஹபரணை எல்லாம் ராசா மாதிரிப் போகும். மாத்தளைக்குக் கிட்ட முணுமுணுக்கத் தொடங்கும். கண்டிக்கு மேலே றம்பொடை ஏற்றத்தில் முதல் கியரில் அது போன வேகத்துக்கு, முதுகில் கொழுந்துக் கூடையோடு நடந்து போன பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார்கள்.

முதல் பயணத்தில் பாதி ஏற்றத்திலேயே ரேடியேட்டர் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவி வந்தது. தெருவோரத்தில் நிறுத்தினேன். பின் இருக்கையில் ஐஸ் போட்ட பெட்டிக்குள் அவளுக்காக வாங்கிய பாரை மீன். மலையில் கிடைப்பது கடலில் ஒருமுறையும் ஐஸில் இரண்டாம் முறையும் செத்த மீன் என்று அவள் போனில் அழுவாள். எதிரே தெரிந்த மலையின் தோளில்தான் அவளுடைய ஆஸ்பத்திரி. கூரைகூடத் தெரிந்தது. போன் எடுத்தேன்.

"எங்கை நிக்கிறீங்கள்?"

"கிட்டத்தான். கார் ஏறாதாம்."

"பரவாயில்லையப்பா. இனி இருட்டிப்போம், திரும்பிப் போங்கோ. நாளைக்கு விடிய எனக்கு டியூட்டி."

மீனைத் தெருவோரத் தேநீர்க் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இறங்கும்போது கார் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கிழமையே முடிவு செய்தேன், இந்தக் காருக்கு டர்போ போடுவது என்று. துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகுகளின் எஞ்சின்களோடுதான் எனக்கு வேலை. டர்போ எனக்குப் புதிதல்ல. வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறியைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள விசிறியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது, அவ்வளவுதான். கூடக் காற்று, கூட டீசல், கூடப் பலம். கூடச் சூடும்தான். அதை நான் அப்போது மெதுவாகச் சொல்லிக்கொண்டேன்.

கிண்ணியாவில் ஜப்பான் பழைய சாமான்கள் விற்கும் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டதும் சிரித்தார்.

"மச்சான், பொஞ்சாதியப் பாக்க பஸ்ஸில போறவங்களும் இரிக்காங்க."

"பஸ்ஸுக்கு டர்போ இருக்கு. எனக்குத்தான் இல்லை."

என்னுடைய எஞ்சினின் உறவுக்கார எஞ்சின் போட்ட வான் ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவை எடுத்துத் தந்தார். அதற்குப் பொருந்தும் வார்ப்பிரும்புக் குழாயும், சூடு தாங்கப் பெரிய ரேடியேட்டர் ஒன்றும் தந்தார். வாசல் வரை வந்து, "ஓடி வந்த கையோட எஞ்சின நிப்பாட்டிப் போடாதீங்க. கொஞ்சம் சும்மா ஓட விடுங்க. இல்லாட்டி உள்ளுக்க ஒயில் கருகிப்போகும்" என்றார்.

"எனக்கே சொல்லுறீங்களோ?" என்றேன். டக்கில் ஒவ்வொரு நாளும் நான் செய்யும் வேலை அது.

லீவு நாட்களில் முற்றத்து மாமர நிழலில் வேலை நடந்தது. கடற்காற்றில் துருவேறிய போல்ட்டுகள் கழன்றதைவிட முறிந்ததே அதிகம். டர்போவுக்குப் போன ஒயில் திரும்பி வர, எஞ்சினின் அடித்தட்டில் ஒரு துளை போட்டுக் குழாய் பொருத்தினேன். இடையில் ஓர் இரும்புச் சட்டம் மறித்ததால் குழாயைக் கொஞ்சம் மேலே வளைத்து விட்டேன். என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். ஸ்டார்ட் செய்ததும் வீட்டு முன் ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகை. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, டெங்குக்குப் புகை அடிக்கிறீங்களோ? சொல்லியிருந்தா உடுப்பை எடுத்திருப்பனே!"

டர்போவுக்கு ஒயிலைத் தள்ளிவிட ஆளுண்டு, திருப்பி இழுக்க ஆளில்லை. அது தன் பாரத்தால்தான் கீழே விழவேண்டும். மேடு கண்டால் தேங்கி நின்று புகைக்குழாய் வழியே எரியும். குழாயை நேரே கீழே போகும்படி மாற்றினேன். டீசல் பம்பின் திருகை ஒரு மயிரளவு திருப்பினேன். நிலாவெளித் தெருவில் ஓட்டியபோது காரின் முன்பக்கப் பொனற்றுக்குள்ளிருந்து மெல்லிய விசில் எழுந்தது. அவளுக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கேட்கவைத்தேன்.

"என்ன, குக்கரோ?" என்றாள்.

"இல்லை. நான் வாறன்."

அந்தச் சனிக்கிழமை றம்பொடை ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறினேன். கூடைப் பெண்களுக்கு ஹோன் அடித்துக் கையும் காட்டினேன், அவர்களுக்கு ஏன் என்று விளங்கியிராது. ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ் வாசல் கேற்றடியில் அவள் நின்றாள். கடற்கரைப் பெண் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, யாரோ போல. சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடினேன்.

நாட்டில் எரிபொருள் இல்லாமல் நாள்கணக்கில் வரிசையில் கிடந்த காலம் எங்களுக்குப் பழக்கிவிட்ட வேலை அது. வண்டி நின்றதும் கை தானாகச் சாவிக்குப் போகும். ஒரு சொட்டு டீசல் சும்மா எரிந்தால் நெஞ்சு பதைக்கும். ஊர் முழுக்க இன்னும் அப்படித்தான். ஆனால் எனக்கு அது மட்டும் காரணமில்லை.

அடுத்தடுத்த பயணங்களிலும் அதையே செய்தேன். மெல்ல விசில் அரைக்கும் சத்தமாக மாறியது. நீலப் புகை வந்தது. கிண்ணியாச் சிநேகிதர் டர்போவைக் கழற்றி, தண்டை விரலால் ஆட்டிக் காட்டினார். ஆடும் பல்லைப் போல ஆடியது.

"டக்கில ஒவ்வொரு நாளும் செய்யிறத இதில செய்ய ஏலாதா மச்சான்?"

"டக்கை விட்டிறங்கேக்கை கேற்றடியில ஒருத்தரும் எனக்காக நிக்கிறதில்லை."

அவர் இன்னொரு டர்போவைத் தேடி எடுத்துத் தந்தார்.

மனைவியிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தானே ஒரு வழி சொன்னாள். "நீங்கள் ஓடி வர வேண்டாம். நான் வந்து காருக்குள்ள இருக்கிறன்." அன்றிலிருந்து கார் வந்து நின்றதும் கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறிவிடுவாள். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கால் பக்கம் சூட்டுக் காற்று வரும். அவளிடம் டெட்டோல் மணமும், என் மடியிலிருந்து எடுத்து அவள் தின்னும் வறுத்த கச்சான் கடலையின் மணமும் சேர்ந்து வரும். வார்டுக் கதை, மேற்பார்வைத் தாதியின் கதை, புதிதாய்ப் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்மார் வைக்கும் பெயர்கள் எல்லாம் அங்கேதான். டர்போ எப்போதோ ஆறியிருக்கும். நாங்கள் எழும்பமாட்டோம். வீட்டில் ஒன்றாக இருந்த காலத்தில்கூட நாங்கள் இவ்வளவு கதைத்ததில்லை. கிழமை முழுக்க நான் அதற்காகத்தான் உயிரோடு இருந்தேன்.

வருஷம் முடிய வந்தது. இடமாற்றத்துக்கு எழுதிவிட்டாயா என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "எழுதத்தான் வேணும்" என்பாள். அவளுடைய உடுப்பு அலுமாரியின் கதவைப் பழுது பார்த்தேன், குசினிக்கு வெள்ளை அடித்தேன். அவள் வரும் நாளை மனதில் வைத்துத்தான் எல்லாம்.

போன மாதம் மழை. கண்ணாடியில் மழை ஓட, அவள் வழமைபோல ஏறி உட்கார்ந்தாள். கச்சானை எடுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, நான் இந்த முறை எழுதேல்லை."

நான் முன்கண்ணாடியையே பார்த்தேன்.

"பிரசவ வாட்டில நானும் புதுசா வந்த ஒரு பிள்ளையும்தான். நான் வந்திட்டா அவள் தனிச்சுப்போவாள். தோட்டத்து லயத்துச் சனம் நடுச்சாமத்தில சுமந்துகொண்டு வருகுதுகள், பாக்க ஆளில்லை." என் கையைப் பிடித்தாள். "முந்தியெண்டா அழுதுகொண்டாவது எழுதியிருப்பன். உங்களைக் காணாமல் இருக்க ஏலாமக் கிடந்தனான். இப்ப நீங்கள்தான் ஒவ்வொரு கிழமையும் வாறீங்களே. இன்னும் ஒரு வருஷம்தானே அப்பா."

கோபப்பட ஓர் ஆளைத் தேடினேன். அவளைக் கோபிக்க முடியவில்லை, அவள் சொன்னது அத்தனையும் சரி. ஆஸ்பத்திரியைக் கோபிக்கவும் முடியவில்லை. கடைசியில் ஒயிலும் வியர்வையுமாய்க் காருக்கு அடியில் கிடந்த என்னைத்தான் கண்டேன். அவளை எனக்குக் கிட்டக் கொண்டுவருவதாக நினைத்துக்கொண்டு, அவள் வராமல் இருப்பதற்கான வழியை நானே என் கையால் பொருத்திக் கொடுத்திருந்தேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோன முகம்.

"கார் இப்ப நல்லா ஏறுதுதானே?" என்றாள்.

"ஓம்," என்றேன். "நல்லா ஏறுது."