விளைமீன் தலைக்குள் இருந்த கல்

என் பெயர் ஸ்ரான்லி. துறைமுகத்தில் கிளாக் வேலை. ஆராய்ச்சியைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, கொட்டாஞ்சேனையில் என்னைப்போல் மீன் தலை சாப்பிட ஆளில்லை என்பதுதான். சாம்பவி ரீச்சரின் ஆராய்ச்சியில் பாதி என் சாப்பாட்டுக் கோப்பையில்தான் நடந்தது. நம்பாவிட்டால் போங்கள்.

சாம்பவி வெள்ளவத்தைப் பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணம். என் மனைவி மேபல் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். அவர்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. கேக்கைக்கூட முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். அப்படிப்பட்டவள் மேல்படிப்புக்கு எடுத்த விஷயம் மீன். அதுவும் கல்லாய்ப் போன மீன்.

"உயிர் மீனைக் கண்டா மூக்கைப் பொத்துறீங்க, கோடி வருசத்துக்கு முந்திச் செத்தத மட்டும் தேடிப் போறீங்க" என்று நான் நக்கலடிப்பேன்.

"கல்லாப் போனா அது சைவம்தான், ஸ்ரான்லி அண்ணா" என்பாள்.

மீனின் தலைக்குள், காதுப் பக்கத்தில், ஒரு சோடி வெள்ளைக் கல் இருக்கும். மீனுக்கு மீன் அதன் வடிவம் வேறு. சதையும் முள்ளும் அழிந்தாலும் அந்தக் கல் மண்ணுக்குள் கிடக்கும். புத்தளத்துக்கு அப்பால், ஒரு காலத்தில் கரையோரக் கடலாய் இருந்த சுண்ணாம்புக் கல்குழி ஒன்றில், சாம்பவி அப்படிச் சில கற்களைப் பொறுக்கியிருந்தாள். கேரளத்தில் கொல்லத்துப் பக்கம் ஷபீகா என்றொரு ஆராய்ச்சிக்காரியும் அதே காலத்துப் பாறையில் பொறுக்கியிருந்தாள். இரண்டு பேரும் போனில் படம் மாற்றிப் பார்த்தார்கள். அச்சு அசல் ஒரே கல். விளிம்பு முழுக்கப் பல்லுப் பல்லாய் இருந்தது.

அது எந்த மீன் என்று சொல்ல, இன்றைய மீனின் கல்லோடு வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேதான் என் கோப்பை வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, மீன். சாம்பவி வீட்டிலோ வெள்ளிக்கிழமை உள்ளிப்பூண்டுகூட இல்லை. விளைமீன் தலைக்குள் இருக்கும் கல்லை எடுத்துத் தரும்படி மேபலிடம் கேட்டாள். நான் உறிஞ்சித் துப்புவேன். மேபல் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பழைய செபமாலை டப்பாவில் வைத்துத் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பாள்.

எங்கள் விளைமீன் கல்லின் விளிம்பு வழுவழுவென்று இருந்தது. கொல்லத்து விளைமீன் கல்லில், பழைய கல்லில் இருந்த அதே பல்.

சாம்பவிக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. "யோசிச்சுப் பாருங்கோ அண்ணா! அந்தக் காலத்தில ரெண்டு கரையிலயும் ஒரே மீன். அங்க அப்பிடியே நிண்டிட்டுது. எங்கட பக்கம் மட்டும் மாறியிருக்கு. ஏன்?"

"கொழும்பில எதுதான் மாறாம நிண்டிருக்கு, மீன் நிக்க?" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அந்த "ஏன்"தான் அவள் எழுதி முடித்த ஆய்வு முழுவதும். அடுத்த வாரம் பரீட்சகர்கள் முன்னால் அதைச் சொல்லி நிறுவ வேண்டும். நிறுவாவிட்டால் பட்டம் இல்லை.

நான் ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது சாம்பவி எங்கள் வீட்டு மேசையில் இருந்து ஷபீகாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாள். ஷபீகா எதேச்சையாகக் கேட்டாள், கற்களை எப்படி எடுக்கிறீர்கள் என்று. மேபல் குசினிக்குள் இருந்து அகப்பையோடு வந்தாள்.

"எடுக்கிறது என்ன? ஸ்ரான்லி துப்புவார், நான் கழுவுவன்."

சாம்பவி திரும்பிப் பார்த்தாள். "சமைச்ச பிறகா, அக்கா?"

"பின்ன? பச்சைத் தலையக் கிண்டினா கறியில உடைஞ்சு போகுமே. வியாழக்கிழமை ஆக்கி வச்சாத்தான் வெள்ளிக்கிழமைக்குப் புளி நல்லா இறங்கும்."

"என்ன புளி?"

மேபல் கொறக்காப் போத்தலைக் கொண்டுவந்து, கறுத்துச் சுருண்ட ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். போனுக்குள் இருந்த ஷபீகா எழுந்து போய், அதேபோல் ஒரு கறுப்புத் துண்டோடு வந்தாள். "இதுதானே சேச்சி? இங்கே குடம்புளி. ஆனால் நான் கல்லைப் பச்சையில் எடுப்பேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சாம்பவியின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சுண்ணாம்புக் கல்லில தேசிக்காய்ப் புளி விட்டாக் கரையும் எண்டு வருசா வருசம் பிள்ளையளுக்குக் காட்டுறது நான்தான்" என்றாள். "மீன்ர கல்லும் சுண்ணாம்புதான், பல்லைப் புளி கரைச்சிருக்கும். மீன் கறிக்குப் புளி போடுவினம் எண்டு எனக்குத் தெரியாதே, அக்கா." அழுதேவிட்டாள். மேபலும் அழுதாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "சும்மா விடுங்க பிள்ள. பரீட்சகர்மார் எங்கட சட்டியத் திறந்து பார்க்கப் போறாங்களா? வாயத் திறக்காம இருந்தா ஆருக்குத் தெரியும்?"

அவள் கண்ணைத் துடைத்தாள். "எனக்குத் தெரியுமே, அண்ணா."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு மேபலோடு மீன்கடைக்குப் போய், பிளக்காத விளைமீன் தலை ஒன்றோடு வந்தாள். மேபல் கத்தியை எடுத்தாள்.

"தாங்கோ அக்கா. இந்த முறை நானே எடுக்கிறன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெட்டினாள். நடுவில் ஓடிப்போய் ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பவும் வந்து வெட்டினாள். இரண்டு கல்லையும் எடுத்துத் துடைத்து, பூதக்கண்ணாடி வில்லைக்குக் கீழே வைத்தாள். சுற்றிவரப் பல். அந்த "ஏன்" எங்கள் குசினி மேசையிலேயே செத்துப்போனது.

"ஐயோ, எவ்வளவு வடிவு" என்றாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. பிறகு ஒரு கல்லை மட்டும் டப்பாவில் போட்டாள். "மற்றதைத் தலைக்குள்ள வச்சு, வழமைபோலக் கறி வையுங்கோ அக்கா. நாளைக்கு வந்து எடுக்கிறன்."

பரீட்சை நாளில் நானும் மேபலும் கடைசி வரிசையில் இருந்தோம். நான் கலியாணக் கோட்டைப் போட்டிருந்தேன், பொத்தான் பூட்டவில்லை. சாம்பவி திரையில் இரண்டு கற்களைக் காட்டினாள். ஒன்றில் பல், மற்றது வழுவழுப்பு. ஒரு பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இவை இரண்டும் வேறு வேறு இனமா, இடையில் எவ்வளவு காலம் என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே மீன்ர தலையில இருந்து எடுத்தது, சேர்" என்றாள். "இடையில இருக்கிறது ஒரு கறிச்சட்டி. எங்கட பக்கத்து மீன் மாறவேயில்லை. நான்தான் பிழையாச் சொன்னனான்."

மேபல் என் கையை இறுக்கிப் பிடித்தாள். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆய்வை முதலில் இருந்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். சரி என்றாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். நான் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன். சாம்பவிதான் மேபலிடம் கேட்டாள்.

"அக்கா, இந்த வெள்ளிக்கிழமைக்கு என்ன மீன்? கறி வைக்க முந்தி, வியாழக்கிழமையே நான் கத்தியோட வாறன்."