அடுப்புக்கு மேலே தொங்கிய மூட்டை

மிலாறு எரியும்போது ஒரு கசப்பு வாசம் வரும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியைத்தான் மிலாறு என்போம். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் எனக்கு அந்தப் புகையோடுதான் விடியும்.

ஐம்பதுகளின் தொடக்கம்... எனக்குப் பத்து வயதிருக்கும். மழை விட்டால் போதும், கறையான் சுவரில் மண்கோடு இழுத்துவிடும். அப்பா சுண்ணாம்பு பூசுவார், மண்ணெண்ணெய் ஊற்றுவார். மறுவாரமே பக்கத்தில் இன்னொரு கோடு.

ஒருநாள் பக்கத்துக் காம்பரா மாமாவின் பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது. வேட்டி சட்டை போனதற்கு அவர் அழவில்லை. பிறப்புச் சீட்டு போனதற்குத்தான் அழுதார். கடல் தாண்டி வந்த தோட்டத்து ஆட்கள், இத்தனை வருடம் இங்கேயே இருந்தோம் என்று காகிதம் காட்டினால்தான் குடியுரிமை என்று சொல்லியிருந்த காலம் அது.

அம்மா அன்றைக்கே எங்கள் காகிதங்களைப் பழைய சேலைத் துணியில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். அவரை விதையை அப்படித்தான் வைப்போம். புகை படுகிற இடத்துக்குப் பூச்சி வராது.

"நாங்க மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டு வர்ற வரைக்கும் புகை அணையக் கூடாது தாயி."

நான் சும்மா இருப்பேனா? பச்சைக் குச்சியையும் போட்டு, இருமி இருமிப் புகை மூட்டினேன். ஒன்றரை வருடம்... பிரித்தால் பூச்சி புகுந்துவிடும் என்று மூட்டையை யாரும் தொடவில்லை.

குடியுரிமை விசாரணைக்கு ஹட்டனுக்கு பஸ்ஸில் போனோம். அங்கே மேசையில் வைத்துத்தான் அவிழ்த்தோம்.

கறையான் தொடவே இல்லை. ஆனால் தகரக் கூரையில் படிந்த கரி மழை ஈரத்தில் சொட்டிச் சொட்டி மூட்டைக்குள்ளே இறங்கியிருந்தது. காகிதமெல்லாம் ஒரே கறுப்பு. விசாரிக்க வந்த ஐயா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

"ஒரு ஓட்ட கூட இல்லீங்க ஐயா, நல்லா பாருங்க."

அப்பா அம்மாவின் கையைப் பிடித்தார். "வா புள்ள, போவோம்."

விண்ணப்பம் தள்ளுபடி. அப்பா யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால்கூடத் தேவலை. புகை போட்டது நான்தானே... எண்பது தாண்டியும் அது மனதை விட்டுப் போகவில்லை. அப்பா எந்த நாட்டுக்காரரும் இல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

இதை டைப் செய்து தரும் என் பேத்திக்கு அடையாள அட்டை கேட்காமலே கிடைத்தது. அதில் ஃபோட்டோ நன்றாக இல்லை என்பதுதான் அவள் கவலை. இருக்கட்டும், அப்படித்தான் இருக்கவேண்டும்.

எனக்குக் குடியுரிமை வந்து முதல் வோட்டுப் போடப் போனபோது தலை நரைத்துவிட்டது. அம்மாவுக்கு அப்போதும் வரவில்லை. வோட்டுப் போடும் பள்ளிக்கூட கேட் வரை கூடவே வந்து வெளியே நின்றார். நான் திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உள்ள ஒம் பேர வாசிக்கறப்போ, அப்பா பேரயும் சேத்து வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்கம்மா... சத்தமாவே வாசிச்சாங்க."