வைஜெயந்தி கம்ப்யூட்டருக்கு வேகம் வந்த கதை

என் தையல் கடைக்கும் வைஜெயந்தியின் கம்ப்யூட்டர் சென்டருக்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகைதான். அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் நான் ‘நூறு’ என்பேன். அதனால் அவள் சங்கதியைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்பவர்கள் வந்து ஒரு நாள் என் இடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அவள் அருக்காணியின் ஒரே மகள். அருக்காணி மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரி, தலைச்சுமையாகச் சுமந்தே கிழவியானவள். வைஜெயந்தியும் பள்ளிக்கூட லீவில் சுமந்தவள்தான். ஆனால் பிடிவாதக்காரி. திண்டிவனம் போய் டைப்பிங் படித்தாள். பிரம்மதேசத்தில் கட்டிக்கொடுத்தார்கள், ஒத்துவரவில்லை, திரும்பி வந்துவிட்டாள். வந்தவள் முடங்கிப் படுக்காமல், பாண்டிச்சேரியில் ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கிவந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டாள். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கரண்ட் பில் எல்லாம் அவளிடம்தான்.

கம்ப்யூட்டர் என்று நான் சொல்வது மரியாதைக்காக. காலையில் அதன் சுவிட்சைப் போட்டுவிட்டு அவள் கடையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். “ஏம்மா வைஜி, உன் மிஷின் எழுந்திரிச்சிதா, இல்ல இன்னும் சொப்பனமா?” என்று கேட்பேன். “உங்க மிஷின மட்டும் என்னா, பெடல மிதிச்சாதான ஓடுது” என்பாள். வாய்க்குக் குறைச்சல் இல்லை.

சிரிப்பெல்லாம் கைரேகை வைக்க ஆள் வராத வரைக்கும்தான். முதியோர் பணம் நின்றுபோனவர்கள் ரேகை வைத்துப் புதுப்பித்தால்தான் அது திரும்ப வரும் என்று ஆகிவிட்டது. உப்பளத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு நின்றுபோயிருந்தது, அருக்காணிக்கும்தான். ஒவ்வொருத்தியாக வந்து ரேகை பார்க்கும் சின்னக் கண்ணாடியில் விரலை வைப்பார்கள். வட்டம் சுற்றும். சுற்றிச் சுற்றி, கடைசியில் ‘நேரம் முடிந்தது’ என்று வந்து நிற்கும். “கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குது, நாளைக்கு வாங்கம்மா” என்று வைஜெயந்தி அனுப்பிவைப்பாள். அவர்களும் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே போவார்கள், மறுபடி வருவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நிஜமாகவே கோணல். ஆட்டத்தை யார் பார்த்தது?

வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். கண்ணைக் காட்டலாம் என்றார்கள். உப்பு வெளிச்சம் பார்த்துப் பார்த்து அருக்காணியின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருக்கிறது. போனுக்கு நம்பர் அனுப்புவோம் என்றார்கள். முதன்முதலில் கைரேகை பதிந்தபோது கொடுத்தது ஒரு பழைய மேஸ்திரியின் நம்பர். இப்போது அது பெருமுக்கல் பக்கம் எவனிடமோ இருக்கிறது. கூப்பிட்டால் கண்டபடி ஏசுகிறான். மிச்சம் இருப்பது விரல்தான்.

போன மழைக்காலத்தில்தான் வைஜெயந்திக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. உப்பில் கை படாமல் சில மாசம் இருந்தால் தேய்ந்த ரேகை திரும்ப வரும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தாள். மழையில் உப்பளம் மூடித்தானே கிடக்கும். அம்மாவை ஒரு பாத்திரம் தேய்க்கவிடவில்லை. ராத்திரி தவறாமல் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். பொங்கல் நெருங்கும்போது அருக்காணி என் கடைக்கு வந்து விரலை நீட்டினாள்.

“நடராசு, கண்ணாடி போட்டுக்கினு பாரு. கோடு தெரியுதா?”

பார்த்தேன். மங்கலாக, அங்கங்கே தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

“பணம் வந்திச்சின்னா இந்த வருசம் பாத்திக்குப் போவ மாட்டேன். முட்டி ரெண்டும் போயிடுச்சிப்பா” என்றாள்.

பொங்கல் கழிந்தால் பாத்தி மிதிக்கப் புது மேஸ்திரி ஆள் கூப்பிட்டுவிடுவார். கை மறுபடி உப்பில் இறங்கினால் வந்த ரேகையும் போய்விடும். அதற்குள் மிஷின் ஓட வேண்டும். வைஜெயந்தி திண்டிவனத்திலிருந்து பிரபாகரன் என்கிற பையனை வரவழைத்தாள்.

அவன் பெட்டியைத் திறக்கவே பாடாய்ப்பட்டான். உப்புக் காற்றில் திருகாணி எல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போய், மூலையில் பல்லி முட்டை வேறு.

“அக்கா, இது கம்ப்யூட்டரா, கருவாடா?”

“கிண்டல் பண்ணாம வேலையப் பாருப்பா. ஓடுமா?”

“எஸ்.எஸ்.டி.ன்னு புது டிஸ்க்கு போட்டா பறக்கும்க்கா. பழைய டிஸ்க்குல தட்டு சுத்தும், அதான் லேட்டு. இதுல சுத்துறதுன்னு ஒண்ணுமே கெடையாது.”

அவன் காட்டிய சாமான் சீட்டுக்கட்டை விட ஒல்லியாக இருந்தது. பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் இதற்கு ஏற்ற வேண்டும். ஏறும்போது பழசு டக்டக்கென்று சத்தம் போட்டது. நடுவில் உயிரை விட்டுவிடுமோ என்று வைஜெயந்தி சாப்பிடாமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிழைத்துக்கொண்டது. மாட்டுவதற்குத் திருகாணி ஓட்டை ஒத்துவராமல், புதுசை டேப் போட்டு ஒட்டிவைத்துவிட்டு, “போடுங்கக்கா” என்றான்.

அவள் சுவிட்சைப் போட்டாள். கையை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. நானும் டீக்கடைக்காரரும் போய் நின்று பார்த்தோம். அணைத்து, திரும்பப் போட்டாள். திரும்பவும் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அருக்காணி தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். சேதி பரவி உப்பளத்துப் பெண்கள் வாசல் நிறைய நின்றார்கள். நான் துணியை ஓரம் வைத்துவிட்டுப் போய் நின்றேன். வைஜெயந்தி அம்மாவின் கட்டைவிரலைத் துடைத்துக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

வட்டம் சுற்றவே இல்லை. ‘கைரேகை பொருந்தவில்லை.’

ஆள்காட்டி விரல். பொருந்தவில்லை. நடுவிரல். பொருந்தவில்லை. விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது. இடது கையும் முடிந்தது. துடைத்தாள், ஊதினாள், தண்ணீர் தொட்டு வைத்தாள், முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போட வேண்டும்போல இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சுவரில் எழுதிவைக்கிற ஊர் இது. ஊருக்கெல்லாம் உப்பு இட்டவளின் விரலை எவனுக்கும் தெரியவில்லை.

பின்னால் நின்றவர்களும் வைத்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் நாலு பேருக்கே பொழுது போய்விடும். அன்றைக்கு டீ வருவதற்குள் அத்தனை பேருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது. யாரும் கம்ப்யூட்டரைத் திட்டவில்லை. என்னவென்று திட்டுவது? அவரவர் கையைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அருக்காணி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“முன்னாடி கொஞ்ச நேரமாச்சும் உக்கார வெச்சிருந்திச்சி” என்றாள். பிறகு, “நாளைக்கு வரட்டாடி?” என்று கேட்டாள்.

வைஜெயந்தி வாயைத் திறந்தாள். இத்தனை காலம் எல்லோருக்கும் சொன்ன அந்த வார்த்தை பெற்ற தாய்க்குச் சொல்ல வரவில்லை.

“வேணாம்மா” என்றாள். “மிஷின் நல்லாத்தான் இருக்குது.”

அருக்காணி ஈர விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். திட்டினாலாவது தேவலை என்று எனக்கு இருந்தது.

“அப்போ மேஸ்திரிக்கு ஒரு போனு போட்டுச் சொல்லிடு. பாத்தி மிதிக்க அம்மாவும் வர்றாங்கன்னு.”

வைஜெயந்தி போனை எடுத்து, நம்பரைத் தேடி, போட்டாள்.

“அம்மாவையும் ஒரு ஆளா கணக்குல வெச்சிக்குங்க” என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது.