எங்கும் போகாத விடுமுறை

மூன்று நாள் விடுமுறையில் ஒரு நாள் போய்விட்டது. கணவருக்கு டூட்டி, மகளைத் தனியாக வெளியூர் கூட்டிப்போக எனக்குப் பயம். "எந்த ஊருக்குப் போனீங்கன்னு மிஸ் கேப்பாங்கம்மா," என்று அவள் முகம் வாடினாள். தப்புச் செய்துவிட்டேனோ என்று நான் யோசிக்கும்போதே, காளவாசல் சாலையில் ஷேர் ஆட்டோ ஹாரன் கேட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, அவனியாபுரத்தில் ஒரு விடுமுறை நாள். சவாரி கிடைக்காத அப்பா, தன் ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். ஈரக் கையோடு வந்த அம்மா, "அண்ணே, ஊட்டி போகுமா?" என்று அவரிடமே கேட்டாள்.

"போகும்த்தா. பிள்ளைய மடியில வை, இன்னும் எட்டுப் பேரு ஏறணும்."

எதிர்வீட்டு அக்கா சுடச்சுடப் பணியாரத்தோடு ஏறினாள். நகராத வண்டியில் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் பள்ளியில், எங்கும் போகவில்லை என்று தலைகுனிந்துதான் சொன்னேன்.

என் மகள் அப்படிக் குனியக் கூடாது. "மிஸ் கேட்டா, வீட்லதான் இருந்தோம், அம்புட்டுச் சிரிச்சோம்னு நிமிந்து சொல்லுடி," என்றேன். "வா, சிரிக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு."