தவமணி வருகிறார் என்று அறிவித்தார்கள்

செய்தி வந்தபோது நான் கண்டிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் மடவளையில் முச்சக்கரவண்டி ஓட்டும் நஸார் நானா. எந்த அவசரமானாலும் சுகம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்காத மனிதர் அவர். அன்று விசாரிக்கவில்லை. “தவமணி நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க மிஸ்” என்று மட்டும் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் நினைவு திரும்பாமலே கிடந்தவர் தவமணி. இப்படி ஒரு அழைப்பு வரும் என்று நாங்கள் எல்லோரும் மனதுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தோம். முன்பே பயந்திருந்தால் பிறகு தாங்கிக்கொள்ளலாம் என்பது பொய். பொறுக்கிய கத்தரிக்காயை ஒவ்வொன்றாகக் கூடையில் திருப்பிப் போட்டேன். விலை கூடவா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பத்திரிகையின் ஒரு மூலையில் சில வரிகள். வத்தேகமவுக்கு அப்பால் தோட்டப் பாதையில் நடந்த வாகன விபத்தில் காயமடைந்த பெண் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார் என்று போட்டிருந்தார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாக இருந்தன. விபத்து என்பது மட்டும் சரியில்லை. தவமணியைத் தெரிந்த உங்களுக்காகவும், அந்தச் சில வரிகளோடு பக்கத்தைப் புரட்டிவிட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தவமணி வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கண்டியில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்து, பிறகு தோட்டத்துப் பெண்களுக்காகப் பொலிஸுக்கும் கோர்ட்டுக்கும் நடப்பதையே தன் வேலையாக்கிக்கொண்டவர். மனித உரிமைச் செயற்பாட்டாளர் என்று யாராவது மேடையில் அறிமுகம் செய்தால் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார். “நான் சும்மா கூடப் போறவ மிஸ்” என்பார். கூடப் போவது சும்மா காரியமா? அடிபட்ட பெண் ஒருத்தி தனியாகப் போனால் நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புவார்கள். பக்கத்தில் தவமணி நின்றால் கதிரையைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். அந்தக் கதிரைக்காகத்தான் அவர் இத்தனை காலம் மலை ஏறி இறங்கினார்.

அவருடன் முதன்முதலில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கணவனிடம் அடிபட்ட ஒரு பெண் எங்களுடன் இருந்தார். நேரே உள்ளே கூட்டிப் போவார் என்று பார்த்தால், தவமணி எதிரே இருந்த கடைக்குள் நுழைந்து பணிஸும் பிளேன்டீயும் சொன்னார். அந்தப் பெண் ஒன்றும் வேண்டாம் என்று அழுதார். “சாப்பிடுங்க தாயி. வெறும் வயித்தோட போனா அவங்க ஒரு அதட்டு போட்டதும் எல்லாம் மறந்துடும்” என்றார். சாப்பிடச் சாப்பிட நடந்ததை முதலிலிருந்து சொல்ல வைத்தார். இடையில் தான் ஒன்றும் சேர்க்கவில்லை. பிறகு உள்ளே போனோம். அதிகாரி அதட்டத்தான் செய்தார். அந்தப் பெண் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

உடுப்பிலும் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. முறைப்பாடு செய்ய வருபவர்கள் பாவமாகத் தெரியட்டும் என்று பழைய சேலையில் வருவார்கள். தவமணிக்கு அது பிடிக்காது. திரும்பிப் போய் நல்ல சேலை உடுத்தித் தலை சீவிக்கொண்டு வரச் சொல்வார். “கிழிஞ்சத உடுத்திட்டுப் போனா பாவம் பாப்பாங்க. எழுத மாட்டாங்க” என்பது அவர் வாதம். அவரும் பொலிஸுக்கென்றே ஒரு மயில் நிறச் சேலை வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்கா போகிறோம் என்று நான் கேலி செய்வேன். அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஒருமுறை, சொல்லாத ஒன்றை வாக்குமூலத்தில் எழுதிய உத்தியோகத்தரிடம் நான் சத்தம் போடத் தொடங்கினேன். தவமணி என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து வாங்கில் உட்கார வைத்தார். பிறகு தனக்குத் தெரிந்த சிங்களத்தில், ஐயா ஒருமுறை சத்தமாக வாசியுங்கள், எங்கள் மிஸ்ஸுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்றார். உத்தியோகத்தர் வாசித்தார். வாசிக்கும்போதே தவறு அவருக்கே தெரிந்து, வெட்டித் திருத்தினார். வெளியே வந்ததும், “உங்களுக்குக் கோபம் வந்தா தமிழும் மறந்துடுது, சிங்களமும் மறந்துடுது” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். என் காது நன்றாகத்தான் கேட்கும். அந்த நிலையத்தில் இன்றுவரை யாரும் அதை நம்புவதில்லை.

இனிப் புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவருடைய உண்மையான பெயர் இல்லை. அவருடைய தோட்டத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. கொழுந்து பறிப்பவர். மகளைத் தரகர் ஒருவர் மூலம் கண்டியில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தார். பிள்ளை திரும்பி வந்தபோது முதுகெல்லாம் சூடு வைத்த காயம். தோட்டத்தில் எந்தப் பிரச்சினையும் முதலில் தோட்டத் தலைவரிடம் போகும், பேசி முடிப்பார்கள். தரகரும் பேசி முடிக்கத்தான் வந்தார். தவமணி பேச்சுக்கு உட்காரவில்லை. தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனார், பொலிஸுக்குப் போனார். தரகர் விளக்கமறியல் சிறைக்குப் போனார். அவர் பல தோட்டங்களிலிருந்து இப்படிப் பிள்ளைகளை அனுப்பியவர் என்பது அதன் பிறகுதான் வெளியே வந்தது. தவமணிக்கு மிரட்டல் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

முதலில் தொலைபேசியில் வந்தது. பிறகு கட்டுகஸ்தோட்டையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் ஜன்னலுக்குக் கல் வந்தது. பிறகு, பஸ்ஸை விட்டு இறங்கினால் பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள். ஒவ்வொரு தடவையும் முறைப்பாடு செய்தோம். இந்த முறை கூடப் போனவள் நான். அதிகாரி மரியாதையாகவே கேட்டார், எழுதினார், கடைசியில் “பரிஸ்ஸமென் இன்ன நோனா” என்றார். கவனமாக இருங்கள் அம்மா என்று பொருள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தவமணி சொன்னார்: “கவனமா இருக்கணும்னு கேட்டுக்கவா மிஸ் இவ்வளவு தூரம் வந்தோம்? அவங்க என்ன செய்யப் போறாங்கன்னு கேக்கத்தானே வந்தேன்.” அன்று அவர் சிரிக்கவில்லை.

இப்போது அவரைப் பயமறியாதவர் என்று பேசுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். அவர் பயந்தார். பயந்துகொண்டேதான் போனார். பயமே இல்லாதவர் என்று சொல்லிவிட்டால், அவரைப் பாதுகாக்க வேண்டிய கடமை ஒருவருக்கும் இருக்கவில்லை என்று ஆகிவிடும். மரணத்துக்குப் பிறகு போடுகிற மாலைகளில் எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

பொலிஸை நம்பி இருக்க முடியாது என்று ஆனபோது நாங்களே ஒரு ஏற்பாடு செய்தோம். எங்கே, எப்போது போகிறார் என்பதை முன்கூட்டி யாரிடமும் சொல்வதில்லை. பஸ்ஸில் போவதில்லை. நஸார் நானா தன் வண்டியில் கூட்டிப் போய்க் கூட்டி வருவார். வண்டியின் மழைத்திரையையும் இறக்கிவிட்டுத்தான் எடுப்பார். “கல்யாணப் பொண்ணு மாதிரி மூடி மூடிக் கூட்டிட்டுப் போறீங்க” என்று தவமணி முணுமுணுப்பார். ஆனாலும் ஏறிக்கொள்வார். கொஞ்ச நாள் மோட்டார்சைக்கிளைக் காணவில்லை. நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

பிறகு புஷ்பத்தின் தோட்டத்தில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. பெண்கள் தவமணிக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்த ஆசைப்பட்டார்கள். வருகிற நாளையும் வழியையும் புஷ்பத்திடம் மட்டும் சொல்லியிருப்பதாகத் தவமணி என்னிடம் சொன்னார். மயில் நிறச் சேலைதான் உடுத்திக்கொண்டு போனார். மாலை மேளத்தோடு அழைக்கப்படுகிறவர் நடந்துதான் வர வேண்டும் என்பதால், நஸார் நானா அவரைத் தோட்டத்துக் கீழ் முடக்கு வளைவில் இறக்கிவிட்டுத் திரும்பினார். மேல் முடக்கில் பெண்கள் மாலையோடும் மேளத்தோடும் காத்திருந்தார்கள். இடையில் இருந்தது கொஞ்சத் தூரம். அந்த இடத்தில் ஒதுங்கி நின்ற ஒரு வான் இறங்கி வந்து அவரை மோதிவிட்டு நிற்காமல் கீழே போனது. எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்தவர்கள் பார்த்தார்கள். நம்பர் தகடு இருக்கவில்லை. மேளச் சத்தத்தில் மேலே நின்றவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. இன்னும் காணோமே என்று இறங்கி வந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

ஈரப் பாதை, வளைவு, பயந்து ஓடிவிட்ட சாரதி என்று விசாரணை முடியப் பார்த்தது. இது திட்டமிட்டுச் செய்தது என்று எங்கள் சட்டத்தரணி சொன்னபோது அதிகாரி ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பெண் அன்று அந்த இடத்தில் நடந்து வருவார் என்பது யாருக்குத் தெரியும்? புஷ்பத்தையும் மாலையோடு நின்ற பெண்களையும் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாமல் நாங்கள்தான் காத்து வைத்திருந்தோமே. எங்கள் கவனமே எங்கள் வாயை அடைத்துவிட்டது.

கேத வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. தோட்டத்துப் பெண்கள் உள்ளே வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். புஷ்பம் மட்டும் வெளியே தண்ணீர்க் குழாயருகில் நின்றார். வாருங்கள், முகத்தைப் பாருங்கள் என்று நான் போய்க் கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு இன்னும் தள்ளிப்போய் நின்றார். பெட்டியைத் தூக்கும்போதும் அவர் பக்கத்தில் வரவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

காரியம் முடிந்த பிறகு அவரைத் தேடி லயத்துக்குப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்திருந்தவர் நான் கேட்காமலே சொன்னார். “நான்தான் மிஸ் மைக்குல சொன்னேன்.”

தோட்டங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே எல்லாவற்றுக்கும் கோயில் ஒலிபெருக்கிதான். தண்ணீர் வராது என்றாலும், கிளினிக் நடக்கிறது என்றாலும், துக்கம் என்றாலும் அதில்தான் சொல்வார்கள். மதிப்பான விருந்தாளி வந்தால், யார், எப்போது, எந்த வழியாக என்று அறிவித்துத்தான் அழைப்பார்கள். அறிவிக்காமல் கூட்டி வருவது வருகிறவருக்கு மரியாதைக் குறைவு. தவமணி யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் இருந்தார். முந்தின நாள், பூசை முடிந்ததும் புஷ்பம் பொறுக்க முடியாமல் மைக்கை வாங்கிவிட்டார். நம்ம தவமணி அக்கா நாளைக்குக் காலையில் வருகிறார், கீழ் முடக்கில் இறங்கி நடந்து வருவார், எல்லோரும் வாருங்கள் என்று சொன்னார். அந்தக் குரல் அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். “எங்க அக்கா என்ன களவாணியா, ஒளிஞ்சு ஒளிஞ்சு வர? ராணி மாதிரி வரட்டும்னு நெனச்சேன் மிஸ்” என்றார். தோட்டமே இதை மறைத்து வைத்திருந்தது, புஷ்பத்துக்காக.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அது புஷ்பத்தின் மேல் போய் நிற்கவில்லை. ஒரு பெண் நாளைக்கு இந்த வழியாக வருகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னதற்காக அவள் உயிர் போகிறதென்றால், தவறு சொன்னவர் பக்கம் இல்லை. வான் நிறுத்திக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். மிரட்டலை எல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு, கவனமாக இருங்கள் என்று அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் புஷ்பத்திடம் சொன்னேன். அவருக்கு ஏறியதா என்று தெரியவில்லை.

அதிகாரியின் கேள்விக்குப் பதில் புஷ்பத்திடம் இருந்தது. அதைப் பொலிஸில் சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார். “என்னாலதான் செத்தாங்கன்னு ஊரே பேசும். பேசட்டும். எம்புள்ளையையும் என்னையும் யாரு மிஸ் பாத்துக்குவாங்க?” சாட்சிகளைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது, சட்டத்தரணி மனுப் போடுவார் என்றேன். அந்தச் சட்டம் இந்த மலைக்கு ஏறி வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாதா என்ன? பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

சில நாள் கழித்து, புஷ்பமும் மகளும் கண்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். போகலாம் மிஸ் என்றார். போனோம். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். புஷ்பம் தமிழில் சொன்னார், நான் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

“மலை முழுக்கத் தெரியும் ஐயா. நான்தான் மைக்குல சொன்னேன். என்னால செத்தாங்கன்னு எழுதிக்கங்க. விபத்துன்னு மட்டும் எழுதாதீங்க.”

என்னால செத்தாங்க என்பதைச் சிங்களத்தில் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். விடவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். அதிகாரி அதையும் எழுதினார்.

விபத்து என்று போட்டிருந்த வழக்கு இப்போது வேறு விதமாக நடக்கிறது. பாதுகாப்புக் கேட்டுப் போட்ட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. மோட்டார்சைக்கிள் ஒன்று லயத்துப் பக்கம் வந்து போனதாகச் சொல்கிறார்கள். பெண்கள் மாறி மாறிப் புஷ்பத்தின் வீட்டில் படுக்கிறார்கள். நஸார் நானா அவர்களை வழக்குத் தவணைகளுக்குக் கூட்டி வருகிறார். இதைப் பத்திரிகையில் எழுதச் சொன்னவரும் புஷ்பம்தான். நாலு பேருக்குத் தெரிந்தால் கை வைக்க யோசிப்பார்கள் என்றார்.

தவமணியின் பொறுமை எனக்கு வரவில்லை. அவருடைய தைரியம் வரப்போவதும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது புஷ்பமும் அந்தப் பிள்ளையும்தான். கண்டியில் இருப்பவர்கள் தவணை நாளில் கோர்ட்டுக்கு வாருங்கள், வந்து அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். இன்னொரு அஞ்சலி எழுத என்னால் ஆகாது.