ராகி மெஷினில் போன விரல்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்கு மஞ்சள் கோடு அடித்தார்கள். அந்தப் பெயிண்ட் வாசனை எனக்கு ஆகாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, போனில் ஒரு இந்தி டைரக்டரின் பேட்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வாசனைக்குப் பயந்து ஓடி, அது கிளம்பிய இடத்துக்கே போய் விழுவேன் என்று யார் கண்டது?

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் மஞ்சள் கோடு அடித்தால் மறுநாள் பாதுகாப்பு ஆடிட் என்று அர்த்தம். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷினுக்குள் கை இருந்தால் மெஷினை நிறுத்திவிடும் சென்சார் ஒன்று உண்டு. உற்பத்தி குறைகிறது என்று மற்ற நாட்களில் அதை அணைத்து வைத்திருப்போம். ஆடிட் அன்று மட்டும் போடுவோம். காண்ட்ராக்ட் ஆட்களில் கையில் கட்டுப் போட்டவர்கள், விரல் போனவர்கள் எல்லோரும் அன்றைக்குக் கேன்டீனுக்குப் பின்னால் வெங்காயம் உரிப்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் பொறுப்பு நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த டைரக்டர் அப்போது ஒருமுறை எங்கள் கம்பெனிக்கு வந்தார். தொழிலாளிகளைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறேன், அவர்களோடு பேசவேண்டும் என்றார். புனேயில் இரண்டு வருஷம் பயிற்சியில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்தி வரும். மெஸ்ஸில் இன்னொரு சப்பாத்தி கேட்டுக் கேட்டு வளர்ந்த இந்திதான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஆடிட் மாதிரியே நடத்திருப்பா" என்றார். நடத்தினேன்.

முனிரத்தினம் மட்டும் கேன்டீனில் நிற்கவில்லை. கெலவரப்பள்ளிப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். வெங்காயம் உரித்த கையோடு நேரே வந்து, டைரக்டர் முன்னால் இடது கையை விரித்துக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை.

"சார், நான் சொல்றத அப்படியே சொல்லுங்க சார். சென்சார ஆஃப் பண்ணிட்டுத்தான் ஓட்டச் சொல்றாங்க. எனக்குப் போனது போவட்டும். இப்ப என் தம்பி அதே மெஷின்ல நிக்கறான்."

டைரக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் இந்தியில் சொன்னேன்: "ஊரில் ராகி அடிக்கும் மெஷினில் விரல் போய்விட்டதாம். யாரும் வேலை தராதபோது கம்பெனிதான் கூப்பிட்டுக் கொடுத்ததாம். நன்றி சொல்கிறார்."

எப்படி அவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே தெரியாது. டைரக்டர் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியது. முனிரத்தினத்துக்கும் கலங்கியது. போகும்போது முனிரத்தினம் என்னிடம், "ரொம்ப தேங்க்ஸ் சார், நல்லா எடுத்துச் சொன்னீங்க" என்றார்.

அடுத்த வருஷம் தம்பிக்கும் ஒரு விரல் போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் முனிரத்தினம் டீ வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க அவ்ளோ சொல்லியும் அந்தாளு ஒண்ணும் பண்ணலியே சார்." பெரிய மனுஷங்க அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அந்த டீயைக் குடித்தேன். ஆம், குடித்தேன்.

பேட்டியில் சினிமாவும் சமூகமும் பற்றிக் கேட்டார்கள். டைரக்டருக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. முதலாளியைத் திட்டிப் படம் எடுத்தால் சமூகம் திருந்தும் என்று ஒரு காலத்தில் நம்பியதாகச் சொன்னார். தெற்கே ஒரு தொழிற்சாலையில் விரலில்லாத ஒருவர் தன் கம்பெனிக்கு நன்றி சொன்னாராம். அன்றோடு எழுதி வைத்திருந்த கதையைக் கிழித்துப் போட்டாராம். நம் கோபத்தை ஜனங்கள் மேல் ஏற்றக்கூடாது, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் படம் எடுக்க வேண்டும் என்றார். கூட்டம் கைதட்டியது. அவர்மேல் குற்றமில்லை. காது கொடுத்துத்தான் கேட்டார், என் வாயிலிருந்து.

அந்தக் கம்பெனி இன்று இல்லை. பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் ஏதோ குடோன். அண்ணனும் தம்பியும் அத்திப்பள்ளிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. முனிரத்தினத்தின் பழைய நம்பரை அடித்தால் வேறு யாரோ கன்னடத்தில் பேசுகிறார். படம் வரவே இல்லை.

பேட்டிக்குக் கீழே, அந்த விரலில்லாதவர் சொன்னது அதுவல்ல என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதி அழித்தேன். நம் இந்தி இதற்கெல்லாம் போதாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்குப் போதுமானதாகத்தான் இருந்தது.