குமுறினார்

தேர்தல் நேரத்தில் அந்த நிருபர் என் கடைக்கு வந்தபோது ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "இந்தத் தடவை எப்படிக்கா இருக்கு?" என்று போனை நீட்டினார். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. வாசலைக் காட்டி, "சாக்கடை மூடி உடைஞ்சு கெடக்கு, மாத்தணும்ங்க" என்றேன். அவ்வளவுதான்.

மறுநாள் பேப்பரில் என் படம். "மாத்தணும் என்று குமுறினார் ஸ்ரீரங்கத்துத் தையற்காரப் பெண்." செய்தியில் மூடியைக் காணோம். நானாவது, குமுறுவதாவது.

பத்தாவதுதான் படித்திருக்கிறேன். ஆனால் பேப்பரை ஒரு வரி விடமாட்டேன், அதிலும் அந்த நிருபர் எழுதுவதைத்தான் முதலில் தேடுவேன். அன்று, துணி சுற்றிக் கொடுக்க வைத்திருந்த பழைய பேப்பர்களைப் பிரித்து அவர் எழுதியதை எல்லாம் மறுபடி படித்தேன். ஆளுங்கட்சிக்காரர் பேசினால் 'சமாளித்தார்'. எதிர்க்கட்சிக்காரர் பேசினால் 'விளக்கினார்'. ஆளுங்கட்சியின் லால்குடிக் கூட்டத்தில் நாற்காலிகள் காலி என்று எழுதியிருந்தார். அங்கிருந்து தைக்கக் கொடுக்க வரும் அக்காவிடம் கேட்டேன். "காலிதான். மழை கொட்டுச்சுல்ல?" என்றாள். மழையை அவர் எழுதவில்லை. இதுதான் பொய் என்று ஒரு வரியைக்கூட என்னால் தொட்டுக் காட்ட முடியவில்லை. நம்பவும் முடியவில்லை.

சாயங்காலம் கடையின் சொந்தக்காரர் வந்தார். ஆளுங்கட்சியில் வார்டுப் பொறுப்பில் இருப்பவர். கையில் என் பெயரில் டைப் அடித்த கடிதம்.

"என் எடத்துல உக்காந்துக்கிட்டே என்னை மாத்தணும்ங்கிறியாம்மா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"மூடியைத்தாங்க சொன்னேன்."

"சரி, கையெழுத்தைப் போடு."

அப்படி ஒரு நிருபர் என் கடைக்கு வரவே இல்லை என்று அதில் இருந்தது.

"வந்தாருங்களே. மூடியைப் பத்திப் பேசினேன்னு எழுதிடலாங்களா?"

"மூடி என் வார்டு வேலைம்மா. அதைப் போய் பேப்பர்ல போடுவாங்களா?" கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "இந்த எடத்தை வேற ஆளுங்களும் கேட்டுக்கிட்டிருக்காங்க."

கையெழுத்துப் போட்டேன். கடிதம் வேறொரு பேப்பரில் வந்தது. அன்றே நிருபர் போன் செய்தார்.

"நான் வரவே இல்லையாக்கா? ரெக்கார்டிங் இருக்கு. போடட்டுமா?"

"போட்டா மூடின்னு சொன்னதும் கேக்குமேங்க."

எனக்கு அந்தப் பேச்சு எப்படி வந்ததோ தெரியவில்லை. அவர் "சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

இப்போதும் அவர் எழுதுகிறார். நானும் படிக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள், "எடத்துக்கே போகாம எழுதுற ஆளு, நீங்களே எழுதிக் குடுத்தீங்களே" என்கிறார்கள். அவர் அப்படி இல்லை. நேரில் வருவார், கேட்பார், பாதியை விட்டுவிட்டு எழுதுவார். இதைச் சொல்ல வேண்டுமானால் என் கையெழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

"கை எவ்வளவு நீளம் வைக்கட்டும்?" என்று அளவு நாடாவை எடுத்துக்கொள்கிறேன்.